ஐம்பத்தைந்து நிமிஷம்

பிராட்வேயில் பஸ் கிளம்பும்போது மணி ஏழு நாற்பது. அற்புதமேரி கைக்கடிகாரத்தைப் பார்த்தாள், நம்பிக்கை வராமல் போனை எடுத்து அதிலும் பார்த்தாள், இரண்டும் ஒன்றையே சொன்னதில் ஏனோ கொஞ்சம் ஏமாற்றம். ஏழு நாற்பதோடு ஐம்பத்தைந்தைக் கூட்டினால் எட்டு முப்பத்தைந்து. எட்டு முப்பத்தைந்துக்குப் பெருங்குடி. ஒன்பதரை மணிக் கூட்டத்துக்கு எட்டு முப்பத்தைந்துக்கே போய் இறங்கி என்ன செய்வது, பூட்டின கதவைப் பார்த்துக்கொண்டு நிற்பதா? ஆனாலும் வந்து ஏறி உட்கார்ந்துவிட்டாள். கேட்டால் பழக்கம் என்பாள். நல்லதம்பி ஷிப்பிங் ஏஜென்சியில் முப்பத்துமூன்று வருஷமாக முதல் ஆளாக வந்து சாவி போட்டுத் திறக்கிறவளுக்கு, இப்போது அதே ஆபீசுக்கு மேனேஜராக இருக்கிறவளுக்கு, சீக்கிரம் கிளம்புவது பழக்கம்தானே. பழக்கமாவது ஒன்றாவது! பயம். வெள்ளிக்கிழமை சாயங்காலத்திலிருந்து கூடவே வருகிற பயம். மடியில் பை, பைக்குள் பிளாஸ்டிக் உறை, உறைக்குள் ஒரே ஒரு தாள். நாற்பத்தொரு பேரின் பெயர். முப்பத்தைந்து பேர் பெருங்குடியில் எடுத்திருக்கிற புது ஆபீசுக்கு, ஆறு பேர் மட்டும் தம்புச்செட்டித் தெருப் பழைய ஆபீசிலேயே. அந்த ஆறில் ஐந்து பேர் துறைமுகத்துக்கும் சுங்க இலாகாவுக்கும் ஓடுகிறவர்கள், அவர்களை அசைக்க முடியாது. ஆறாவது ஆள் அவர்களுக்காக அங்கே உட்கார்ந்து ஆபீசைப் பார்த்துக்கொள்ள. ஆறாவது பெயர் அவளுடையது. இன்றைக்கு எல்லோருக்கும் முன்னால் நின்று அந்த லிஸ்டை அவளே வாசிக்க வேண்டும், வாசித்துவிட்டால் முடிந்தது.

பாரிமுனையில் ஒரே கும்பல். ஏறுகிறவர்கள் ஏறிக்கொண்டே இருந்தார்கள், கண்டக்டர் "உள்ளே போ, உள்ளே போ, உள்ளே இடம் கிடக்குது பாரு" என்று பொய் சொன்னார், யாருடைய சாப்பாட்டுப் பையோ அவள் தோளில் இடித்துச் சாம்பார் வாசனை அடித்தது, அந்த வாசனை போதும், மத்தியானம் ஒரு மணி, பழைய ஆபீஸ் முன் ஹால், நாலு மேசையை இழுத்து ஒன்றாகப் போட்டு டப்பாக்களைத் திறக்கிற சத்தம். யாருடைய குழம்பு யாருடைய சோற்றில் என்று கணக்கே கிடையாது அங்கே. அவளுடைய நெத்திலிக் குழம்பு திறந்த இரண்டாவது நிமிஷம் காலி, மிச்சத்தை வழித்துக்கொண்டிருக்கும்போது துறைமுகத்தில் கப்பல் ஊதும், யார் கப்பல் யார் கப்பல் என்று எல்லோரும் நிமிர்ந்து சுவரைப் பார்ப்பார்கள். சுவரில் கரும்பலகை. உள்ளே நிற்கிற கப்பல்களின் பெயரெல்லாம் அதில் சாக்பீஸால் எழுதியிருக்கும். கப்பல் கிளம்பிப் போனதும் அந்தக் கப்பலின் வேலையைப் பார்த்தவர் யாரோ அவர் தன் வெறுங்கையால் பெயரை அழிக்க வேண்டும், டஸ்டர் கூடாது, துணி கூடாது. பெரியவர் நல்லதம்பி ஏற்படுத்தின வழக்கம். "துணியால தொடைச்சா வேலை முடிஞ்சது உடம்புக்குத் தெரியாதும்மா" என்பார். அவள் முதன்முதலில் அழித்தது ஓஷன் லில்லி. இருபத்திமூன்று வயசு, கை முழுக்க வெள்ளை, கழுவ மனசே வராமல் ராயபுரம் வீடு வரைக்கும் அந்தக் கையோடு நடந்து போய் அம்மாவிடம் காட்டினாள். அம்மா "சோறு திங்கிற கையாடீ இது" என்று திட்டினாள். திட்டட்டுமே. அந்தச் சந்தோஷம் அப்புறம் கல்யாணத்தன்றைக்குக்கூட வந்ததா என்று கேட்டால் அவள் பதில் சொல்ல யோசிப்பாள், பாவம் சவரிமுத்து, செத்து நாலு வருஷமாகிறது, நல்ல மனுஷன், இதைக் கேட்டால் வருத்தப்பட்டிருப்பான். கப்பல் பெயரெல்லாம் இப்போது கம்ப்யூட்டரில் வருகிறது, கரும்பலகையைப் பெருங்குடிக்கு எடுத்துப் போக முடியாது, அங்கே சுவரே இல்லை, எல்லாம் கண்ணாடி. அங்கே யாருக்கும் சொந்த மேசையும் இல்லை. காலையில் யார் முதலில் வருகிறார்களோ அவர்கள் பிடித்த இடத்தில் உட்கார்ந்துகொள்ளலாமாம், சாயங்காலம் போகும்போது துடைத்து வைத்துவிட்டுப் போக வேண்டுமாம், பாத்திரம் மாதிரி. சின்னவர் திலீபன், பெரியவருடைய மகன், படம் போட்டு விளக்கினார். எல்லோரும் தலையாட்டினார்கள். அவளும் ஆட்டினாள், ஆட்டிக்கொண்டே ஜன்னல் பக்கத்து மூன்றாவது மேசையை நினைத்துக்கொண்டாள், இடது டிராயரை இழுக்கும்போது கொஞ்சம் மேலே தூக்கி இழுக்க வேண்டும், அது அவளுக்கு மட்டும்தான் தெரியும்.

தலைமைச் செயலகம் தாண்டி மெரினாவுக்கு வந்தபோது மணி எட்டு ஐந்து. கடல் இடது பக்கம் தகதகவென்று கிடந்தது, பஸ்ஸுக்குள் யாரும் அதைப் பார்க்கவில்லை, அவளும் கடிகாரத்தைத்தான் பார்த்தாள். இன்னும் முப்பது நிமிஷம் இருக்கிறதே என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள், யாரை ஏமாற்ற? சின்னவர் அன்றைக்குக் கூப்பிட்டுச் சொன்னது அப்படியே காதில் இருக்கிறது. "மேடம், பழைய இடத்துல முன் ஹாலை மட்டும் வெச்சுக்கலாம். அங்க ஒரு ஆள் வேணும். யாருக்கு இங்கேருந்து போறது ரொம்பக் கஷ்டமோ அவங்களை வைங்க. எல்லாருக்கும் ஒரே மாதிரிதான்னா சீனியர் யாரோ அவங்க இருக்கட்டும். நீங்களே ஒரு தடவை போய்ப் பார்த்து எவ்ளோ நேரம் ஆகுதுன்னு எழுதிக் கொடுங்க, வேன் விடணுமா வேணாமான்னு அதை வெச்சு முடிவு பண்றேன்." நல்ல மனசோடுதான் சொன்னார். ஒரு தராசை அவள் கையில் கொடுத்துவிட்டு அவர் பாட்டுக்கு அடுத்த வேலைக்குப் போய்விட்டார். போகிற நேரம் அதிகமென்றால், சர்க்கரை வியாதிக்கார அப்பாவை வைத்துப் பார்த்துக்கொள்கிற ஜுலைகா அங்கே இருக்க வேண்டும். குறைச்சலென்றால் எல்லோருக்கும் சீனியரான அற்புதமேரி. அவ்வளவுதான் விஷயம், இதில் புரியாததற்கு ஒன்றுமில்லை, அவளுக்கும் அன்றைக்கே புரிந்ததுதான். புரிந்ததா? புரிந்ததா இல்லையா? இதுதான் மூன்று நாளாக அவளைத் தின்கிறது. சாந்தோமில் மாதா கோயில் வந்ததும் கை தானாக நெற்றிக்குப் போய்ச் சிலுவை போட்டது, போட்டுவிட்டு மாதாவிடம் என்ன கேட்பதென்று தெரியவில்லை.

ஆயுதபூஜையைச் சொல்ல வேண்டும். அந்த ஆபீசில் ஆயுதபூஜைக்குச் சந்தனம் வைக்கிறவள் அற்புதமேரிதான், பொரி கடலை பொட்டலம் கட்டுகிறவள் ஜுலைகாதான். ஊரில் வேறு எங்கேயும் இப்படி நடக்குமா, தெரியாது. மற்ற எல்லோரும் ஓட்டத்தில் இருக்கிறவர்கள், பண்டிகை பார்த்துக் கப்பல் வருவதில்லை. அதனால் பெரியவர் சந்தனக் கிண்ணத்தை அவள் கையில் கொடுத்து, "கை நடுங்காம வைக்கிறது நீதான், வைம்மா" என்றார், அதிலிருந்து அப்படியே. டைப்ரைட்டர் இருந்த காலத்தில் டைப்ரைட்டருக்கு, டெலெக்ஸ் மெஷினுக்கு, அப்புறம் பேக்ஸுக்கு, கம்ப்யூட்டருக்கு, இரும்பு அலமாரிக்கு. பாவசங்கீர்த்தனத்தில் ஒரு தடவை பங்குச் சாமியாரிடம் சொன்னபோது அவர் "மெஷினுக்குத்தானே வெச்ச, போ" என்று சிரித்துவிட்டார். இந்த வருஷம் கடைசிப் பூஜை. ஜுலைகா பொட்டலம் கட்டிக்கொண்டே பாடினாள், அற்புதமேரி ஒவ்வொரு மேசையாகச் சந்தனம் வைத்துக்கொண்டு வந்தாள், மேசைக்கெல்லாம் வைக்கிற வழக்கம் கிடையாது, இந்த வருஷம் வைத்தாள், தன் மேசைக்கு மட்டும் இரண்டு தடவை வைத்தாள். அதற்கப்புறம் இரண்டு நாள் லீவு. இரண்டாம் நாள் விஜயதசமி. அன்றைக்குத்தான் அவள் பெருங்குடிக்குப் போய்ப் பார்த்தாள். வேறு நாளில் நேரமில்லை, ஆபீஸ் நாளில் அவள் எப்படி நகர முடியும், லீவு நாளில்தானே போக முடியும், சரிதானே? சரிதான். ரோட்டில் ஈ காக்கா இல்லை. மெட்ரோ வேலைக்காரர்கள்கூட லீவு. பஸ் பறந்தது. ஐம்பத்தைந்து நிமிஷத்தில் பெருங்குடியில் இறங்கி ஒரு காபி குடித்தாள், காபி அவ்வளவு ருசியாக இருந்தது. ஏன் அவ்வளவு ருசி? அந்த இடத்தில்தான் நினைவு போய்ப் போய் மாட்டிக்கொள்கிறது. கப்பல் வேலையில் ஒரு மணி நேரக் கணக்கு பிசகினால் ஆளை உண்டு இல்லை என்று பண்ணிவிடுகிறவள், மற்றவர்கள் கொண்டுவரும் தாளில் தேதி என்ன கிழமை என்ன என்று முதலில் பார்க்கிறவள், தன் தாளில் மட்டும் "பயண நேரம் 55 நிமிடம்" என்று எழுதி, எந்த நாள் என்று எழுதாமல் விட்டாள். மறந்து போச்சு. மறக்குமா? அவளுக்கா?

எட்டு முப்பத்தைந்து. பஸ் அடையாறு பாலத்துக்கு இந்தப் பக்கமே நின்றுகொண்டிருந்தது, இஞ்சின் உறுமல் சீட்டு வழியாக எலும்புக்குள் ஏறியது, முன்னால் கண்ணுக்கெட்டின வரை வண்டிகளின் முதுகு. இந்நேரம் அன்றைக்குக் காபி குடித்துக்கொண்டிருந்தாள். சேசுவே, என்ன காரியம் பண்ணினேன். ஜுலைகாவிடம் கையெழுத்து வாங்கினதும் அந்த ஐம்பத்தைந்தைக் காட்டித்தான். மற்ற எல்லோரும் இடமாற்றச் சம்மதப் பேப்பரில் கையெழுத்துப் போட்டாயிற்று, இவள் மட்டும் பேப்பரைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள். மண்ணடியில் வீடு, ஆபீசிலிருந்து ஐந்து நிமிஷ நடை, கல்யாணமாகி மூணே மாசத்தில் திரும்பி வந்தவள், வீட்டில் அத்தா மட்டும். சர்க்கரைக்காரர், கண் மங்கல், ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன்னால் சரியாக ஏழு மணிக்கு இன்சுலின் ஊசி, ஜுலைகாதான் போட வேண்டும். மூணு வருஷத்துக்கு முன்னால் ஒரு கப்பல் வேலையில் அவளுக்கு எட்டரை ஆகிவிட்டது. அந்த மனுஷன் தானே குத்திக்கொண்டு, குத்தினதை மறந்து மறுபடியும் குத்திக்கொண்டு, சமையலறை வாசலில் விழுந்து கிடந்தார். அற்புதமேரிதான் ஆட்டோ பிடித்து ஸ்டான்லி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனாள், அவர் தலை இவள் மடியில் கிடந்தது, ஜுலைகா காலைப் பிடித்துக்கொண்டு "அத்தா அத்தா" என்று கூப்பிட்டுக்கொண்டே வந்தாள். அதெல்லாம் தெரிந்தவள்தான் போன வாரம் அவள் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, "ஐம்பத்தஞ்சு நிமிஷம்டீ. நானே போய்ப் பார்த்தேன். அஞ்சரைக்கு ஆபீஸ் விட்டா ஆறரைக்கு நீ வீட்ல. ஏழு மணி ஊசிக்கு இன்னும் அரை மணி கையில இருக்கு" என்று சொன்னாள். ஜுலைகா அவள் முகத்தை ஒரு நிமிஷம் பார்த்தாள். "நீங்க சொன்னா சரிக்கா" என்று கையெழுத்துப் போட்டாள். பேனாவை மூடி இவளிடமே கொடுத்தாள்.

அந்தப் பார்வை என்ன பார்வை? வெள்ளிக்கிழமை சாயங்காலம், லிஸ்டை டைப் அடித்து முடித்த பிறகுதான், அந்தப் பார்வை முதன்முதலாக நினைவுக்கு வந்தது. அதுவரைக்கும் எவ்வளவு சந்தோஷமாக இருந்தாள்! இன்னும் இரண்டு வருஷம், ரிட்டயர்மென்ட் வரைக்கும் அதே மாடிப்படி, அதே ஜன்னல், கப்பல் ஊதினால் எழுந்து பார்க்கலாம். கேட்கக்கூடாத ஆசையா இது? புருஷன் இல்லை, பிள்ளை இல்லை, ஊருக்கெல்லாம் ஓடி ஓடிச் செய்தவள் தனக்கென்று ஒரு மேசையைக் கேட்டால் பாவமா? பாவமில்லை, பாவமில்லை என்று பஸ் நகர்கிற வேகத்துக்கு மனசுக்குள் சொல்லிக்கொண்டாள், பஸ் நகரவே இல்லை. நடுவில் யாரோ இறங்க வழி விட்டுக் கும்பல் ஒரு பக்கம் சாய்ந்தது. அப்போது பார்த்தாள். முன்னால், டிரைவருக்குப் பின்னால் இருக்கிற கம்பியைக் கட்டிப் பிடித்துக்கொண்டு, பழுப்பு முக்காடு, தோளில் அந்தப் பச்சைப் பை, ஜுலைகா. பாரிமுனையில் ஏறியிருக்கிறாள். ஒரு மணி நேரமாக நின்றுகொண்டே வருகிறாள். கும்பல் மறுபடியும் மூடிக்கொண்டது. கூப்பிட வாய் திறந்தவள் மூடிக்கொண்டாள். எழுந்து "வாடீ, இங்க உக்காரு" என்று சொல்ல வேண்டியவள், எத்தனை வருஷமாக எதையும் அவளோடு பங்கு போட்டுத் தின்றவள், ஜன்னல் பக்கம் திரும்பி முகத்தை மறைத்துக்கொண்டாள். இப்படிக்கூடச் செய்வேனா நான் என்று அவளுக்கே அதிர்ச்சி. மத்திய கைலாஷ், டைடல் பார்க், கந்தன்சாவடி. மெட்ரோவுக்காகத் தகர வேலி போட்டு ரோட்டைப் பாதியாக்கியிருந்தார்கள், ஒவ்வொரு சிக்னலிலும் கும்பல் இடைவெளியில் அந்தப் பழுப்பு முக்காடு தெரிந்து தெரிந்து மறைந்தது, ஒரு தடவை ஜுலைகா கையைத் திருப்பிக் கடிகாரம் பார்ப்பது தெரிந்தது. சாயங்காலம் இதே ரோட்டில், இதே கும்பலில், அவள் இப்படியே கடிகாரம் பார்ப்பாள். மண்ணடியில் அந்த மனுஷன் ஊசியைத் தடவி எடுப்பார்.

பெருங்குடியில் இறங்கும்போது மணி ஒன்பது ஐம்பது. இரண்டு மணி பத்து நிமிஷம். முன் வாசலில் இறங்கின ஜுலைகா, பின் வாசலில் இறங்கினவளைப் பார்த்துவிட்டு முகமெல்லாம் சிரிப்பாக ஓடி வந்தாள். "அட, அக்கா! இதே பஸ்ஸிலயா வந்தீங்க? தெரிஞ்சிருந்தா வந்து உங்க மடியில உக்காந்திருப்பேனே. காலு மரத்துப் போச்சு." இருபது நிமிஷம் லேட் என்று சொல்லிக்கொண்டே இவள் கையைப் பிடித்து ரோட்டைத் தாண்ட இழுத்தாள். அற்புதமேரி நகரவில்லை.

"மணியைப் பார்த்தியா ஜுலைகா?"

"பார்த்தேன்."

"ஐம்பத்தஞ்சு நிமிஷம்னு சொன்னேன் உங்கிட்ட."

"சொன்னீங்க. விஜயதசமி அன்னைக்குப் போய்ட்டு வந்து சொன்னீங்க. ஆபீஸ் நாள்ல நீங்க எங்க நகர்ந்தீங்க?" குரலில் ஒரு கோபமும் இல்லை, மத்தியானச் சாப்பாட்டுக்கு என்ன கொண்டுவந்தீர்கள் என்று கேட்கிற அதே குரல். "மண்ணடியில பொறந்து வளந்தவக்கா நான். லீவு நாள் ரோடு எது, வேலை நாள் ரோடு எதுன்னு எனக்குத் தெரியாதா?"

"அப்புறம் எதுக்குடீ கையெழுத்துப் போட்ட?"

ஜுலைகா பஸ் போன திசையைப் பார்த்தாள். "நீங்க கேட்டீங்களேக்கா. இத்தனை வருஷத்துல உங்களுக்குன்னு எங்கிட்ட ஒண்ணுமே கேட்டதில்ல. அந்த ஜன்னலை விட்டுட்டு உங்களால இருக்க முடியாதுன்னு எனக்குத் தெரியும். எங்கத்தாவ மடியில போட்டுத் தூக்கிட்டு ஓடினவங்க நீங்க. மேல் வீட்டு நர்சு பொண்ணு ஊசி போட வரேன்னிருக்கா, அவ வராத நாள் பார்த்துக்கலாம். வாங்கக்கா, திட்டப் போறாங்க."

பார்த்துக்கலாம். லிப்டில் ஏறும்போதும் அந்த ஒரு வார்த்தை கூடவே ஏறியது. எட்டாவது மாடி, கண்ணாடிக் கதவு, உள்ளே ஏசி குளிரில் முப்பத்தொன்பது பேரும் வந்து நின்றார்கள், பாதிப் பேர் இப்போதுதான் வந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார்கள், ஒருத்தர் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். யாரும் யாரையும் பார்க்கவில்லை, அந்த ஐம்பத்தைந்து நிமிஷத்தைப் பற்றி வாயைத் திறக்கவில்லை, அவளுக்கான மரியாதை. சின்னவர், "வாங்க மேடம், உங்களுக்காகத்தான் வெயிட்டிங், படிச்சிடுங்க" என்றார். உறையிலிருந்து தாளை எடுத்தாள். எழுத்தெல்லாம் ஒழுங்காக இருந்தது, அவள் டைப் அடித்தால் ஒரு பிழை இருக்காது. வாசித்தால் போதும், இரண்டு நிமிஷ வேலை, சாயங்காலத்துக்குள் ஜன்னல் பக்கத்தில் போய் உட்கார்ந்துவிடலாம். அவளுக்கு அந்த ஜன்னல் வேண்டும்தான். இப்போதும், இந்த நிமிஷமும் வேண்டும்தான்.

"படிக்கிறதுக்கு முன்னாடி ஒண்ணு சொல்லணும் சார். நான் எழுதிக் கொடுத்த நேரம் தப்பு. இன்னைக்கு ரெண்டு மணி பத்து நிமிஷம் ஆச்சு. நான் போய்ப் பார்த்தது விஜயதசமி அன்னைக்கு. அதை வெச்சுத்தான் நீங்க வேன் வேணாம்னு முடிவு பண்ணீங்க."

பின்னாலிருந்து யாரோ, "லீவு நாள்லயா மேடம்!" என்று சிரித்தார்கள், சிரிப்பு நாலைந்து பேருக்குப் பரவியது, சின்னவரும் சிரித்துவிட்டார். "பரவால்ல மேடம், தெரியாம நடந்தது. வேனைப் பத்தி மறுபடி யோசிக்கலாம். லிஸ்டைப் படிங்க."

எவ்வளவு சுலபமாக வழி விட்டார்! அந்த வழியாக நடந்து வெளியே வந்துவிடலாம், ஒருத்தரும் ஒன்றும் கேட்க மாட்டார்கள், ஜுலைகாவும் கேட்க மாட்டாள். ஜுலைகா வாசல் ஓரமாக நின்று, வேண்டாம் என்று தலையை ஆட்டிக்கொண்டிருந்தாள்.

"தெரியாம இல்ல சார்" என்றாள் அற்புதமேரி. "தெரிஞ்சேதான் போனேன். அந்த ஆறாவது இடம் எனக்கு வேணும்னு போனேன்."

சிரிப்பு நின்றுவிட்டது. அவள் பேனாவை எடுத்து, எழுதுவதற்கு மேசை தேடினாள், எது யாருடைய மேசை என்று தெரியவில்லை, பக்கத்திலிருந்த ஒன்றில் தாளை வைத்துக் குனிந்து இரண்டு இடத்தில் திருத்தினாள். நிமிர்ந்து, பழைய ஆபீசில் இருக்கப் போகிறவர்கள் என்று ஆறு பேரின் பெயரையும் சத்தமாக வாசித்தாள், ஆறாவதாக ஜுலைகா. அதற்கப்புறம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு, "பெருங்குடிக்கு வர்றவங்க முப்பத்தஞ்சு பேர்" என்று ஆரம்பித்து, முதலில் தன் பெயரை வாசித்தாள்.